வேலை கேட்டால் கிடைக்காது, மைதா கேட்டால் கிடைக்கும்

நான் புழல் ஜெயிலில் உள்ளே இருந்தவன், இப்போது அதே பக்கத்தில் சின்னதாக ஒரு பன் கம்பெனி வைத்திருப்பவன். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். தம்பி ரிலீஸ் ஆகிறான், மச்சான் ரிலீஸ் ஆகிறார், எங்காவது வேலைக்குச் சேர்த்துவிட முடியுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலை கிடைக்காது. மனதைத் தேற்றுவதற்காக வேறு எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் முதலில் செக்யூரிட்டி வேலை என்பார்கள். 2005ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டத்திலேயே கோர்ட்டில் தண்டனை வாங்கியவரைக் காவலாளியாக வைக்கக்கூடாது என்று இருக்கிறது. சின்ன ஏஜென்சிகள் கண்டுகொள்ளாமல் சேர்த்துக்கொள்வதும் உண்டு, ஆனால் அந்த அபார்ட்மெண்டில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் அடுத்த நிமிஷம் யாரைப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்தது சாப்பாடு டெலிவரி. பின்னணிச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் வழக்கு எண்ணோடு வந்து நிற்கும். கம்பெனி வேலை என்றால் போலீஸ் சரிபார்ப்புச் சான்று. மிச்சம் இருப்பது கட்டட வேலையும் லோடு ஏற்றுவதும்தான். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் நாற்பதைத் தாண்டி, வருஷக்கணக்கில் சிமெண்ட் தரையில் படுத்த முதுகோடு சிமெண்ட் மூட்டை தூக்குவதற்கு ஒரு எல்லை இருக்கிறது.

தொழில் செய்கிறேன் என்று போனால் கதை வேறு. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் காசில்லை, ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். உணவுப் பாதுகாப்புத் துறையின் சாதாரணப் பதிவு, வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் என்று இருந்தபோது நான் எடுத்தேன். என்ன தயாரிக்கிறாய், எங்கே தயாரிக்கிறாய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டார்கள். நான் நிரப்பிய ஒரு கட்டத்தில்கூட உள்ளே இருந்தாயா என்ற கேள்வி இல்லை. எனக்கு வேலை கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டியது, என் கையால் பன் வாங்கித் தின்பவனுக்குத் தெரிய வேண்டாம் என்று அரசாங்கம் நினைக்கிறது போலிருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

என்ன கேஸ் என்று கேட்பவர்களுக்கு: வரப்புத் தகராறு, கைகலப்பு, ஒருவர் இறந்துபோனார். பழைய தண்டனைச் சட்டத்தின் 304 இரண்டாம் பகுதி, அதாவது கொலை என்று ஆகாத மரணம், ஏழு வருஷம். இறந்தவர் குடும்பம் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, அதனால் நான் ஊருக்குப் போவதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது.

புழல் தண்டனைச் சிறையில் பேக்கரி இருக்கிறது. பிரெட், பன், பிஸ்கட் எல்லாம் போட்டு வெளியே சிறைச் சந்தையில் விற்பார்கள். வேலூரில் போலீஸ்காரர்களுக்கான ஷூ தைக்கிறார்கள், கோயம்புத்தூரில் தறி ஓடுகிறது, ஒவ்வொரு ஜெயிலுக்கும் ஒரு தொழில் என்று வைத்துக்கொள்ளலாம். என்னைப் பேக்கரியில் போட்டார்கள். மாவு பிசைய, உருட்ட, பொங்க விட, அடுப்பின் சூட்டைக் கையை நீட்டியே தெரிந்துகொள்ள, எல்லாம் அங்கே படித்ததுதான். சொல்லிக்கொடுத்த மாஸ்டரும் கைதிதான், ஆயுள் தண்டனைக்காரர், கை சுத்தமான மனுஷன்.

ஆனால் ஒரு விஷயம், இதை அதிகாரிகள் யாராவது படித்தால் நல்லது. ஜெயிலில் தொழில் சொல்லித்தருகிறார்கள், வியாபாரம் சொல்லித்தருவதில்லை. மைதா என்ன விலை என்று எனக்குத் தெரியாது, ஸ்டோரிலிருந்து மூட்டை வரும். பன் எவ்வளவுக்கு விற்கிறது என்று தெரியாது, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மீந்தால் என்ன ஆகும், கடன் சொன்னால் எப்படி வசூலிப்பது, விறகு விலை ஏறினால் பன்னைச் சின்னதாக்குவதா விலையை ஏற்றுவதா, இதெல்லாம் உள்ளே எழாத கேள்விகள். இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைத்துறை நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்குகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். 2023இல் புழல் பக்கத்தில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்கு ஒன்றும் திறந்தார்கள். நல்ல காரியம், வெளியாட்களோடு பேசிப் பழக ஒரு வாய்ப்பு. ஆனால் ரிலீஸ் ஆகிற அன்று அந்தப் பங்கு உங்களோடு வராது. கையில் வருவது கூலியில் பிடித்தம் போக மிஞ்சிய பணமும், பஸ் காசும்தான்.

உள்ளே இருக்கும்போது வ.உ.சி.யைப் பற்றி நிறையப் பேசுவோம். ஜெயிலுக்குப் போனவர்களில் எல்லாரும் கும்பிடுகிற ஆள் அவர்தானே. செக்கிழுத்தது எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1912 டிசம்பரில் கண்ணூர் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறார். வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது பறிபோய்விட்டது. அவர் ஆரம்பித்த கப்பல் கம்பெனியும் அதற்குள் மூடியாகிவிட்டது. சொந்த ஜில்லாவான திருநெல்வேலிக்குப் போகக்கூடாது. பொண்டாட்டி பிள்ளைகளோடு மெட்ராஸுக்கு வந்து மளிகைக் கடை வைக்கிறார், மண்ணெண்ணெய்க் கடை வைக்கிறார். கப்பல் ஓட்டியவர் படியில் எண்ணெய் அளந்து ஊற்றுகிறார். கடை ஓடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய 347 ரூபாய் காந்தி கையில் இருந்தது, அதைக் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதவேண்டி வந்தது. கடைசியில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் கொடுக்க வழிசெய்தார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அவர் போனது நாட்டுக்காக, நான் போனது வரப்புக்காக, ஒரே மூச்சில் சொல்லவே கூசுகிறது. ஆனால் லைசென்ஸ் போய், ஊர் போய், மெட்ராஸில் ஒரு கடையாவது வைத்துப் பிழைக்கலாம் என்று வந்து நின்ற அந்த இடம் இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த இடம்.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன். குடும்பத்தார் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நான் உள்ளே போனபோது வைத்திருந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து, அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஆதாரில் இருந்தது அந்த நம்பர். பேங்க்கில் இருந்தது அந்த நம்பர். இந்த நாட்டில் இன்று ஓடிபி வராதவன் ஆளே இல்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து நம்பரை மாற்றினேன், அதற்கு வேறு காகிதம் கேட்கவில்லை, அது ஒன்றுதான் சுலபமாக முடிந்தது. பேங்க்கில் இரண்டு வருஷம் வரவு செலவு இல்லையென்றால் கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள், பத்து வருஷம் ஆனால் பணமே ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், பிறகு கிளெய்ம் செய்துதான் வாங்க வேண்டும். மறுபடி கேஒய்சி, மறுபடி விலாசச் சான்று. வாடகை வீட்டுக்கு அக்ரிமெண்ட் இருந்தால்தான் விலாசம், விலாசம் இருந்தால்தான் நம்பி வீடு. ரேஷன் கார்டில் என் பெயர் எடுத்தாகிவிட்டது, திரும்பச் சேர்ப்பதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். ஆகவே யாராவது உள்ளே இருந்தால், மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போவது இருக்கட்டும், அவர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அவர் கணக்கில் அவ்வப்போது நூறு ரூபாயாவது போடுங்கள். ரேஷன் கார்டில் பெயரை எடுக்க விடாதீர்கள்.

முதலுக்கு முத்ரா லோன் கேட்டுப் போனேன். அடமானம் வேண்டாம், சிசு திட்டத்தில் 50,000 வரை என்று போஸ்டர் சுவரிலேயே இருந்தது. ஆறு மாச வரவு செலவு காட்டு என்றார்கள். கணக்கையே போன வாரம்தான் உயிர்ப்பித்திருக்கிறேன், எதைக் காட்டுவது? விடுதலையானவர்களுக்கு உதவ என்றே அரசு சார்ந்த சங்கம் ஒன்று இருக்கிறது, நன்னடத்தை அலுவலர் மூலமாக மனு போடலாம், போடுங்கள், நானும் போட்டேன், ஆனால் அதை நம்பி அடுப்பு கட்டாதீர்கள். தண்டல் எடுக்கலாம் என்று ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் நூறு ரூபாய், நூறு நாள். கேட்க லேசாக இருக்கும். 8,500 ரூபாய்க்கு மூன்று மாசத்தில் 1,500 வட்டி, அதுவும் மறுநாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்போது. மழை பெய்து ஒரு நாள் பன் விற்காவிட்டாலும் சாயங்காலம் ஆள் வந்து நிற்பான். எங்கள் வீட்டுக்காரம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். நான் உள்ளே இருந்த காலம் பூராவும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக் குடும்பத்தை நடத்தியவள், கணக்கு அவளுக்குத்தான் தெரியும். அவளுடைய மகளிர் குழுவில் லோன் எடுத்து அந்தப் பணத்தில் பழைய ட்ரேக்கள், ஒரு தராசு, ஷெட்டுக்கு அட்வான்ஸ் எல்லாம் முடித்தோம். அடுப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது, முன்பு ரஸ்க் போட்டுக்கொண்டிருந்தவர் மூடிவிட்டுப் போன இடம்.

எல்லாம் முடிந்த பிறகு மைதாவுக்குக் காசில்லை.

செங்குன்றம் பக்கம் ஒரு மொத்த மளிகை அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடன் கேட்டுப் போனேன். விலாசம் கேட்டார், சொன்னேன். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள், அது இன்னும் கேவலம் என்று நினைத்து, "புழல் ஜெயில் பேக்கரியில, அண்ணாச்சி" என்றேன். "வார்டரா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, உள்ள இருந்தவன்." தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்து முடித்து, பொட்டலம் கட்டி, சணலைப் பல்லால் கடித்து அறுத்து, அந்தக் கஸ்டமரை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார். "களவா?" "இல்ல." "அப்போ சரி. ஒரு மூட்டை எடுத்துட்டுப் போ. சனிக்கிழமை பணம் வரணும். வரலைன்னா அடுத்த மூட்டை கிடையாது, அவ்வளவுதான், நான் ஒன்னும் ஸ்டேஷனுக்குப் போகமாட்டேன்."

கைகலப்பில் உயிர் போனதைவிடத் திருட்டு அவருக்குப் பெரிய விஷயம். கடைக்காரர் நியாயம் அப்படித்தான் இருக்கும், நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்த ஐம்பது கிலோ மூட்டையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குத் தோன்றியது, ரிலீஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டவரைவிட இந்த மனுஷன்தான் என்னை வெளியே விட்டார் என்று. சனிக்கிழமை பணம் வராது என்று நினைத்திருந்தால் மூட்டையைத் தந்திருக்க மாட்டார். ஒருவன் என்னை நம்பிக் கணக்கு நோட்டில் பெயர் எழுதினான், எதிரில் தேதி போட்டான். வேலை கொடுப்பவன் என் பழைய காகிதத்தைப் பார்க்கிறான், கடன் கொடுப்பவன் வரப்போகிற சனிக்கிழமையைப் பார்க்கிறான். போன் செய்கிறவர்களிடம் தொழில் தொடங்கச் சொல்லுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம், சொந்தத் தொழிலில் கோடி கோடியாகச் சம்பாதிக்கலாம் என்பதற்காக அல்ல. அப்படி யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம். ஒரு கிலோ மைதாவுக்கு 25லிருந்து 28 பன் வரை வரும், உருண்டை அறுபது கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால். ஜெயிலில் அளவெல்லாம் மூட்டைக் கணக்கில். வெளியே ஆரம்பத்தில் அஞ்சு கிலோ, பத்து கிலோ என்று பிசையும்போது ஈஸ்ட் கணக்கு கைக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. மே மாசத்தில் மெட்ராஸ் வெயிலில் மாவு தானாகவே பொங்கித் தள்ளும், புளித்த வாடை வந்துவிடும், அதனால் ஐஸ் போட்ட தண்ணீரில் பிசைவோம். மார்கழியில் நேர்மாறு, ட்ரேக்கு மேல் ஈரத்துணி போட்டு அடுப்போரம் வைத்தால்தான் எழும்பும்.

விடியற்காலையில் லைனுக்கு, அதாவது கடை கடையாகப் பன் போடப் போகும்போது டீக்கடைக்காரர் செய்கிற முதல் வேலை, ஒரு பன்னை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது. குழி மெதுவாக மேலே எழும்பி வந்தால் வாங்குவார். குழி விழுந்தபடியே இருந்தால் நேற்றையது என்று அர்த்தம், அல்லது உள்ளே வேகவில்லை என்று அர்த்தம், இரண்டுக்கும் ஒரே பதில். புதுப் பன் இறக்கும்போது நேற்று விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் இந்த லைனின் வழக்கம், அந்த ரிட்டனில்தான் லாபம் எல்லாம் கரையும். கடையிலிருந்து திரும்பி வந்ததை மாட்டுக்குக் கொடுத்துவிடுவோம். நம் ஷெட்டிலேயே மீந்ததை மட்டும் அன்றைக்கே வெட்டி இரண்டாம் முறை அடுப்பில் காயவைத்தால் ரஸ்க். எந்தக் கடைக்கு எவ்வளவு தேவை என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ரிட்டனைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் யோசனை. ஸ்கூல் லீவு, மழை, கிரிக்கெட் மேட்ச் எல்லாவற்றையும் ஒரு காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். ரிட்டன் பாதியாகக் குறைந்ததற்கு அந்தக் காலண்டர்தான் காரணம்.

அடுத்து எல்லாரும் கேட்பது, வெளியில் சொல்லலாமா வேண்டாமா. கடன் கொடுப்பவரிடமும் இடம் கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் பணமும் இடமும் உங்கள் கையில் இருக்கிறது, தெரிந்துகொள்ள உரிமை உண்டு. ஷெட் ஓனரிடம் சொன்னபோது வாடகையை ஏற்றினார், ஆனால் கொடுத்தார். டீக்கடைக்காரரிடமும் பன் தின்பவரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தானாகத் தெரிந்தபோது இரண்டு கடை நிறுத்தினார்கள். ஒரு சேட்டா மட்டும், கேட்டும் கேட்காத மாதிரி, "நாளைக்குப் பத்து எக்ஸ்ட்ரா போடு" என்றார்.

போலீஸ் வரும். ஏரியாவில் ஏதாவது நடந்தாலும் தேர்தல் வந்தாலும் பழைய லிஸ்டைத் தூசி தட்டுவார்கள். ஒரு முறை அடுப்பில் சரக்கு இருக்கும்போது வந்து இப்பவே ஸ்டேஷனுக்கு வா என்றார்கள். ஒரு ட்ரே எடுக்கும் வரை நில்லுங்கள் என்றேன், நிற்கவில்லை, மூன்று ட்ரே கருகியது. அதற்குப் பிறகு பக்கத்து வக்கீல் அம்மா ஒருவர் சொன்னபடி, எழுத்தில் நோட்டீஸ் இருந்தால் எந்த நேரமும் வருகிறேன் என்று பணிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் படிக்கிறார்கள், படித்தால் குரல் கொஞ்சம் இறங்குகிறது.

இப்போது ஷெட்டில் ரிலீஸ் ஆனவர்கள் இரண்டு பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள் என்று கதை விடமாட்டேன். ஒருவன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவன்தான், போன் ஸ்விட்ச் ஆஃப். இன்னொருவனுக்கு விடியற்காலையில் எழுந்திருக்க முடியவில்லை, உள்ளே மணி அடித்து எழுப்பியே பழகிவிட்டவன். நின்ற இரண்டு பேரில் சின்னவன் லைனில் கெட்டிக்காரன், பாக்கி வசூல் செய்வதில் என்னைவிட நாசூக்கு. இப்போது கொளத்தூர் லைனைத் தன் பெயருக்கே விட்டுவிடச் சொல்கிறான், சரக்கு மட்டும் என்னிடம் கடனுக்கு எடுத்துக்கொள்வானாம். கமிஷனுக்கு ஓட்டு என்கிறேன் நான், சொந்த லைன்தான் வேண்டும் என்கிறான் அவன். பணம் என்று தருவாய் என்று கேட்டால் சனிக்கிழமை சனிக்கிழமை என்கிறான். வீட்டுக்காரம்மா அவன் பக்கம். அநேகமாக அடுத்த மாசத்திலிருந்து கொளத்தூர் அவனுக்குத்தான்.